சீனிக்கு வயிறு ஏன் கெட்டது?

போன வருஷம் மழைக்காலத்தில், கெலிஓயாவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நடந்தது இது. கம்பளை ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் சந்தில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் மட்டும்தான். நான் வீட்டிலிருந்தே ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறேன். கணவருக்கு நாவலப்பிட்டியில் ரயில்வே வேலை. எங்களோடு மாமாவும் இருக்கிறார், கணவருடைய அப்பா.

மாமா ஆயுசில் பாதியைப் புடவைக் கடைக் கவுன்டருக்குப் பின்னால் கழித்தவர். துணி அளக்கும் வேகத்தில் கூடவே நாலு கதையும் சொல்லி, சும்மா பார்க்க வந்தவர்களையும் வாங்க வைத்துவிடுவார் என்று சொல்வார்கள். அதற்கு முந்தின வருஷம் பாரிசவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. பசித்தாலும் "ம்", வலித்தாலும் "ம்". கையைப் பழக்க ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அதை வலது கையில் வைத்தால் உருண்டு கீழே விழும். எடுத்துக் கொடுத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நாளாக நாளாக நாங்களும் வற்புறுத்துவதை விட்டுவிட்டோம். காலையில் அவரைப் பின்பக்க விறாந்தையில் கதிரையில் உட்கார வைத்து, பேக்கரிப் பாணும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு நான் முன்னறையில் மெஷினுக்குப் போய்விடுவேன்.

பக்கத்து வீட்டு ராத்தாவும் அவருடைய கணவரும் அப்போது மக்காவுக்கு உம்ரா செய்யப் புறப்பட்டார்கள். வீட்டில் ஒரு வெள்ளை முயல் இருந்தது. மகள் கல்யாணம் முடித்துப் போகும்போது உம்மாவிடம் விட்டுப் போனது. ராத்தா அதைக் கூண்டோடு மதிலுக்கு மேலாக என்னிடம் தந்தார்.

"இவன்ட பேரு சீனி. ஆனா சீனி, பாண், பிஸ்கட், பழம் ஒன்டும் குடுக்க வாணாம், தங்கச்சி. இவன்ட வகுறு தாங்காது. புல்லு மட்டும்தான்."

நான் இதற்கு முன் ஒரு கோழிகூட வளர்த்ததில்லை. அதனால் எல்லாமே எனக்குப் புதினமாக இருந்தது. கூண்டை விறாந்தையில் வைத்து, காலையில் கதவைத் திறந்துவிடுவேன். வயல் ஓரத்தில் புல் அறுத்து, கழுவி, தண்ணீர் வடிய வைத்துக் கொடுப்பேன். சீனி புல்லை ஒரு நுனியிலிருந்து பிடித்தால், மெஷினுக்குள் துணி போகிற மாதிரி அது நிற்காமல் உள்ளே போகும். கூண்டில் ஒரே மூலையில்தான் புழுக்கை போடும். முன்னங்கால் இரண்டையும் நக்கி நக்கி முகம் கழுவும். காதை ஒரு காலால் இழுத்துப் பிடித்து, நாங்கள் முடி சீவுகிற மாதிரி துடைக்கும். இவ்வளவு சுத்தம் பார்க்கும் ஒரு பிராணியை நான் கண்டதே இல்லை.

அப்படி நினைத்துக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில்தான் அதைப் பார்த்தேன். சீனி உடம்பை வளைத்துத் தலையைப் பின்பக்கம் கொண்டுபோய், தன் கழிவை அங்கேயே வாயில் எடுத்துச் சாப்பிட்டது. எனக்கு அருவருப்பாகிவிட்டது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதுக்கு உன் புல்லு பத்தல போல" என்று சிரித்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் அன்று முழுக்க ஊசி ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாக ஓடியது. முகம் கழுவுகிற பிராணி ஏன் இதைச் செய்ய வேண்டும்?

ஒரு வாரம் போனது. சீனியின் பின்பக்க ரோமத்தில் கரும் பச்சையாக, பிசினாக ஏதோ ஒட்டத் தொடங்கியது. திராட்சைக் குலையை நசுக்கிய மாதிரி, பளபளவென்று, நாற்றத்தோடு. வயிற்றோட்டம் என்று நினைத்தேன். ஈரத் துணியால் துடைத்தேன். மறுநாளும் அதே கதை. புல்லைத் தவிர நான் எதுவும் கொடுக்கவில்லை. புல்லில்தான் ஏதோ இருக்கிறது என்று இடத்தை மாற்றி, ஆற்றுப் பக்கம் போய் அறுத்து வந்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன். கூண்டைக் கழுவி வெயில் வரும் இடத்துக்கு நகர்த்தினேன். எதுவும் சரிவரவில்லை. ஈ மொய்க்க ஆரம்பித்ததும் மனசு கேட்காமல், ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து அதைக் குளிப்பாட்டிவிட்டேன். சீனி சத்தமே போடவில்லை. கண்ணை விரித்துக்கொண்டு நடுங்கியது. துவாயால் துடைத்தும் அந்த மழைக் குளிருக்கு ரோமம் காயவே இல்லை.

மறுநாள் காலை அது புல்லைத் தொடவில்லை. மூலையில் கூனிக்கொண்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மக்காவில் இருக்கிற ராத்தாவுக்குப் போன் எடுத்து என்ன சொல்வது? நல்லவேளையாகக் கணவருக்கு அன்று லீவு. மாமாவை அவரிடம் விட்டுவிட்டு, சீனியைக் கூடையில் வைத்துத் துணி போர்த்தி, ஓட்டோ பிடித்தேன். புறப்படும்போது மாமா கதிரையின் கையைப் பிடித்து எழும்பப் பார்த்தார். "ம், ம்" என்றார். பாத்ரூம் போக வேண்டும் போல என்று நினைத்து, கணவரைக் கூப்பிட்டுவிட்டு நான் இறங்கிவிட்டேன்.

பேராதனைப் பக்கத்தில் ஒரு மிருக வைத்தியரிடம் போனேன். என் வயதுள்ள சிங்களப் பெண். சீனியின் வயிற்றில் காது கருவியை வைத்து நீண்ட நேரம் கேட்டார். பிறகு அதை என் காதிலும் மாட்டிவிட்டு, என்ன கேட்கிறது என்று கேட்டார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை என்றார். முயலின் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் உயிருக்கே ஆபத்து. வாந்தியும் எடுக்க முடியாத பிராணி. ஊசி போட்டார், தோலுக்குள் சேலைன் ஏற்றினார், அரைத்த புல் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக வாயோரத்தில் ஊட்டக் காட்டித் தந்தார். பிழைக்குமா என்றதற்கு, புழுக்கை போட்டால் பிழைக்கும் என்றார்.

அந்தப் பயத்திலும், முயல் தன் கழிவையே ஏன் சாப்பிடுகிறது என்ற கேள்வி எனக்குப் போகவில்லை. வெட்கத்தோடு கேட்டேன். டொக்டர் சிரிக்கவில்லை. முயலுக்கு இரண்டு வகைக் கழிவு உண்டாம். ஒன்று நாம் காணும் காய்ந்த புழுக்கை. மற்றது குலை குலையாக வரும் மெல்லியது. அதில்தான் புல்லின் சத்தெல்லாம் இருக்கிறது. மாடு அசைபோடுகிற மாதிரி, முயல் அதை இரண்டாம் தரம் சாப்பிட்டால்தான் உடம்பில் ஒட்டும். நான் வயிற்றோட்டம் என்று துடைத்தெடுத்தது, அது சாப்பிடாமல் விட்ட சத்துணவு.

"அப்ப ஏன் சாப்பிடாம விட்டது?"

மாப்பண்டம், இனிப்பு எதையாவது தின்று வயிறு நிறைந்திருந்தால் விட்டுவிடும், இளகலாகவும் போகும் என்றார். முயலை இனிக் குளிப்பாட்டக் கூடாது, அந்தப் பயமும் குளிருமே குடலை நிறுத்திவிடும். அழுக்கான இடத்தை மட்டும் இளஞ்சூட்டுத் துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். விட்டால் ஈ முட்டை போட்டுப் புழு வைத்துவிடும். எல்லாம் சொல்லிவிட்டு, "வீட்டில் யாரோ இதுக்குப் பாண் மாதிரி ஏதோ கொடுக்கிறார்கள்" என்றார். நான் சத்தியம் பண்ணாத குறையாக மறுத்தேன். யாரையும் ஏசாமல் சும்மா கவனித்துப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அன்று பகல் முழுக்க ஊட்டுவதும் வயிற்றை மெல்லத் தடவுவதுமாகப் போனது. மாமா கதிரையிலிருந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரம் கூண்டுக்குள் சின்னதாய், கோணலாய் ஒரு புழுக்கை கிடந்தது. கணவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, "இங்க பாரு, வந்திருச்சு" என்றார். வாழ்க்கையில் ஒரு புழுக்கைக்காகக் கண் கலங்கியது அன்றுதான்.

சீனி மறுபடி புல் கடிக்கத் தொடங்கியபின் என் துப்பறியும் வேலை ஆரம்பமானது. யாராக இருக்கும்? கணவரைக் கேட்டேன், கோபித்துக்கொண்டார். மதிலுக்கு அப்பால் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒருநாள் காலை வழக்கம் போல மாமாவுக்குப் பாணும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். மெஷினில் உட்காராமல் சுற்றி வந்து, விறாந்தையைப் பார்த்திருக்கும் குசினி ஜன்னலில் நின்றேன்.

மாமா இடது கையால் பாணைப் பிய்த்தார். தேத்தண்ணியில் தோய்த்தார். அதைத் தன் வலது உள்ளங்கையில் வைத்தார். பிறகு அந்தக் கை, மடியிலேயே கிடக்கும் அந்தக் கை, தோளிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து கதிரைக்கு வெளியே இறங்கியது. நடுங்கியது. பாதியில் நின்றது. மறுபடி இறங்கியது. சீனி பின்னங்காலில் எழும்பி நின்று காத்திருந்தது. மூடிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"இந்தா," என்றார் மாமா.

இத்தனை நாளும் அவருடைய தட்டு காலியாக இருந்ததைப் பார்த்து, மாமா நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சந்தோஷப்பட்டவள் நான். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் சொல்லியும் விரியாத விரல் இங்கே விரிகிறது. அந்த விரலில் இருப்பதோ சீனிக்கு விஷம். ஒரு நொடிதான் யோசித்திருப்பேன். ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து, பாண் துண்டை எடுத்துக்கொண்டு, "மாமா, இதுக்குப் பாண் ஆகாது. அதனாலதான் அன்னைக்கு அப்படி ஆச்சு. இந்தப் புல்ல குடுங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. சீனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். அதன்பின் நான் புல்லை எப்படி நீட்டியும் வாங்கவில்லை. இரண்டு மூன்று நாள் இப்படியே போயின. தட்டில் பாண் மீதி கிடந்தது. கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அது நல்லா இருக்கு, பாருங்க" என்று சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. நான் பேசாமல் விட்டிருக்கலாமோ என்று எனக்குள் ஒரே உறுத்தல். விட்டிருந்தால் சீனி செத்திருக்கும். இரண்டில் எதையும் விட முடியாமல் தவித்தேன்.

கடைசியில் சீனிதான் வழி பண்ணியது. அதற்குப் பத்தியமும் தெரியாது, வருத்தமும் தெரியாது. வழக்கமான நேரத்துக்கு மாமாவின் காலடிக்குப் போனது. ஒன்றும் வரவில்லை என்றதும் மூக்கால் அவர் கால் விரலை இடித்தது. பிறகு மறுபடி இடித்தது. அவர் காலை இழுத்துக்கொண்டார். அது அவர் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தைப் பல்லால் பிடித்து இழுத்தது. மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நான் வைத்திருந்த புல்லில் ஒன்றை இடது கையால் எடுத்து, வலது கைக்கு மாற்றினார்.

புல் பாண் மாதிரி உள்ளங்கையில் உட்காராது. இரண்டு விரலால் பிடித்தால்தான் நிற்கும். முதல் புல் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. சீனி தரையிலிருந்தே எடுத்துத் தின்றுவிட்டு மேலே பார்த்தது. ரப்பர் பந்து விழுந்தபோது முகம் திருப்பிய மனுஷன், அன்று புல் முடியும் வரை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ராத்தா திரும்பி வரும்போது சீனியின் ரோமம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டுவந்து தந்தார். நான் குளிப்பாட்டியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் விறாந்தைக்குப் போய், மாமா ஒரு வல்லாரை இலையைக் கிள்ளிக் கொடுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இவனுக்கு இங்க காலயில வேல இரிக்கு தானே. நான் பின்னேரம் வந்து எடுக்கிறன்," என்றார்.

அன்றிலிருந்து இன்று வரை சீனி காலையில் கூண்டோடு மதில் தாண்டி வந்துவிடும். மாமாவுக்கு எல்லாம் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பொத்தான் இன்னும் போட வராது. ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை வலது கையால் பிடிக்கிறார், என்னை "புள்ள" என்று கூப்பிடுகிறார், மழை பெய்தால் புல்லைத் துடைத்துத் தரச் சொல்லி ஜாடை காட்டுகிறார். அந்தப் பந்தை மட்டும் இன்னமும் தொடுவதில்லை.

ஒரு முயலுக்கு ஏன் வயிறு கெட்டது என்று கண்டுபிடிக்கப் போனவள், எங்கள் வீட்டில் சத்தமே இல்லாமல் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கண்டேன். பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குள் எல்லாம் நின்றுவிட்டது என்று அதன்பிறகு நான் ஒருநாளும் முடிவு கட்டியதில்லை.