நாய்க்குப் போட்ட ஈரல்

“…கெட்டதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம் அத மனுசன் திங்கலாங்களா? நல்லத நாம திங்கோணும், கெட்டது நாய்க்கு. அதுக்குத்தான அது காலைலருந்து இங்க காவல் கெடக்குது” என்று சொல்லிக்கொண்டே மாமா ஆட்டு ஈரலின் ஓரத்தை அரிந்து எறிந்தார். அது மண்ணைத் தொடுவதற்கு முன்பே நாயின் வாய்க்குள் போய்விட்டது.

முனியப்பன் கோயில் கெடாவெட்டில் வருசா வருசம் நடப்பதுதான் இது. மாமா என்றால் என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். போர்வெல் ரிக் வண்டியோடு வருசத்தில் பாதி வடநாட்டில் இருப்பார். கெடாவெட்டுக்கு மட்டும் எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார். ஆட்டை உரிக்க எங்கள் சனத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈரலையும் நுரையீரலையும் அவர் கையில்தான் கொடுப்பார்கள். சில ஆட்டின் ஈரலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வெள்ளையாகத் தண்ணீர் கோத்த பை இருக்கும். விரலால் தடவியே அதைக் கண்டுபிடித்துவிடுவார். பையை மட்டுமல்ல, சுற்றியிருப்பதையும் தாராளமாகக் கழித்துவிடுவார்.

“பாதி ஈரலு நாய்க்கே போச்சே மாப்ள” என்று அப்பா அங்கலாய்த்தால், “வாய்க்கு ருசி வேணுமா, வயித்துக்குச் சொகம் வேணுமா மச்சான்?” என்பார். அவர் கை பட்ட கறியைத் தின்று யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்பது எங்கள் சனத்தில் ஒரு பெருமை.

நாயின் பெயர் கம்ப்ரசர். குட்டியாக இருந்தபோது அது மூச்சு வாங்கிய சத்தம் ரிக் வண்டியின் கம்ப்ரசர் மாதிரியே இருந்ததாம். அத்தைக்குக் குழந்தை இல்லை. மாமா ஊரில் இல்லாத மாதங்களில் அத்தையின் பேச்சுக்குக் காது கொடுக்க அந்த வீட்டில் இருந்த ஒரே உயிர் அது. அவள் கட்டிலுக்கு அடியில் தூங்கும், விடிந்தால் முகத்தை நக்கி எழுப்பும். அதைத் தடவிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு அப்படியே சோறு பிசைவாள். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று பழமை பேசுகிற ஊர் எங்களுடையது. நாய் விசயத்தில் அத்தை அந்தப் பழமையைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நான் நான்காம் வகுப்பு படித்த வருசம் அத்தைக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. வாயு என்றார்கள், ஓமத்தண்ணீர் குடித்தாள். கெட்ட கண் என்றார்கள், மிளகாய் சுற்றிப் போட்டாள். விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும்படி ஏதோ திரண்டபோதுதான் மாமா அவளைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். அத்தையை ரத்தம் எடுக்க அடுத்த அறைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். படத்தில் கருப்பாக ஒரு வட்டம், அதற்குள் குட்டிக் குட்டி வட்டங்கள்.

“ஈரல்ல தண்ணி கட்டின பை. வீட்ல நாய் இருக்கா?”

“இருக்குதுங்க. ஏனுங்க?”

நாயின் குடலில் அரிசியைவிடச் சின்னதாக ஒரு நாடாப்புழு இருக்குமாம். அதனால் நாய்க்கு ஒரு தொந்தரவும் இல்லையாம். ஆனால் புழுவின் முட்டை மலத்தில் வந்து, முடியில் ஒட்டி, தடவுகிற கையில் ஒட்டி, வாய்க்குள் போனால் மனிதருக்கு இப்படிப் பை கட்டிக்கொண்டு வருசக்கணக்கில் வளருமாம்.

“நாய்க்கு எங்கிருந்துங்க வருது?” என்றார் மாமா.

“ஆட்டுக்கும் இதே பை வரும். அறுக்கறப்போ அந்த ஈரலை நாய்க்குத் தூக்கிப் போட்டுருவாங்க பாருங்க, அதுலருந்துதான்.”

மாமா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஏதோ அழுக்கு என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பை உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து, ஆபரேசன் வரைக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பாறைக்காட்டில் ரிக் வண்டியை ஏற்றி இறக்குகிற மனிதர், வாடகைக் காரை அன்றைக்கு ஒவ்வொரு வேகத்தடையிலும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்.

“ஏனுங்க, இதுக்கு மாட்டுவண்டியே தேவலாமுங்க” என்று அத்தை சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

நாய்தான் காரணம் என்று மட்டும் மாமா வீட்டில் சொல்ல, அப்பா கயிற்றோடு வந்துவிட்டார். எருமப்பட்டி தாண்டி அக்கட்டால கொண்டுபோய் விட்டுவிட்டால் திரும்பி வராது என்றார். நான் கம்ப்ரசரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா என்னைப் பிய்த்தெடுத்து, தண்ணீர்க் குழாயடியில் வைத்துத் தேய்த்தாள்.

கட்டிலில் இருந்தபடி அத்தை சொன்னாள்: “எய்தவன் இருக்க அம்ப நோகறதாண்ணா? எவனோ எதையோ போட்டிருப்பான், வாயில்லாச் சீவன் தின்னுருக்கும்.”

“எவன்னு தெரிஞ்சா உடுவனா நான்?” என்றார் அப்பா.

மாமா எழுந்து அப்பாவின் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். “நானே கொண்டுபோறனுங்க மச்சான்.”

பொழுது சாயும்போது நாயோடுதான் திரும்பி வந்தார். நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரியில் பூச்சி மாத்திரை கொடுத்து அழைத்து வந்திருந்தார். “உனக்குப் பொண்டாட்டி பெருசா, நாய் பெருசா மாப்ள?” என்று அப்பா கேட்கக் கேட்க, நாயை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டினார். அன்றிலிருந்து கம்ப்ரசர் வெளியே வேப்பமரத்தடியில். குழாயடியில் சோப்பு. மாமா அந்த வருசம் ரிக்குக்குப் போகவில்லை.

அத்தை பிழைத்துக்கொண்டாள். பை உடையாமல் முழுசாக வந்துவிட்டது.

அடுத்த கெடாவெட்டுக்கும் ஈரல் மாமா கையில்தான் வந்தது. தடவிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது. நாய் வாலை ஆட்டியது. எனக்குத்தான் வசனம் மனப்பாடமாயிற்றே! “கெட்டது நாய்க்கு!” என்று கத்திக்கொண்டு அரிந்த துண்டை எடுக்கக் கையை நீட்டினேன். மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. அதற்குமுன் அவர் என்னை அடித்ததில்லை. தரதரவென்று கோயில் குழாயடிக்கு இழுத்துப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார், தன் கையையும் கழுவினார். அப்புறம் கடப்பாரையை எடுத்துக் குழி தோண்ட ஆரம்பித்தார்.

“என்ன மாப்ள, போர் போடறயா? தண்ணி எத்தன அடில?” என்று சனமே சிரித்தது. அவர் நிமிராமல் இடுப்பளவுக்குத் தோண்டி, துண்டைப் போட்டு மூடி, மேலே ஒரு பாறாங்கல்லைப் புரட்டி வைத்தார். நாய்மேல் இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது, அதற்குக் கொடுக்க மனசில்லாமல் மண்ணுக்குக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தியில் அத்தை அவர் இலையில் வறுத்த ஈரலை அள்ளி வைத்தாள். “திங்கலீங்களா?”

“தின்னுக்கறேன், நீ போ.”

பந்தியே எழுந்து போனபிறகும் ஈரல் அப்படியே இருந்தது. வயிறு சரியில்லை போல என்று நினைத்தேன். மாமா இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நாய் கட்டியிருந்த மரத்தடிக்குப் போனார். அதன் முன்னால் இலையை விரித்து வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும் வரைக்கும் எட்டக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.