பத்துக்கு நாலு

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. பெரம்பலூரில் தூறல். நான் அமெரிக்காவில் இருந்தேன்.

சிரிக்காதீர்கள். தலையணைப் பக்கத்தில் டிரான்சிஸ்டர் இருந்தால் போதும், டிக்கெட் வேண்டாம். சிற்றலையில் ஒரு ஸ்டேஷன்... இரைச்சல் வரும், போகும். நடுநடுவே பேஸ்பால் வர்ணனை. நமக்குப் பொழுது விடியும்போது அவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம்.

பேஸ்பாலை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் என்ன? கண்ணை மூடினால் பச்சைப் புல், விளக்கு வெளிச்சம். தொப்பி போட்ட ஒருவர் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்... பந்து வந்துகொண்டே இருக்கிறது... அந்த மைதானம் வேப்பந்தட்டை மலைக்குப் பின்னால்தான் எங்கேயோ இருப்பதாக எனக்கு வெகுநாளாக ஒரு நினைப்பு.

முதன்முதலில் ‘முந்நூறு’ என்று கேட்டபோது முந்நூறு ரன் என்று நினைத்து வாயைப் பிளந்தேன். கிரிக்கெட் கேட்டு வளர்ந்த காது! பிறகுதான் விளங்கியது. ஒரு ஆட்டக்காரர் பத்து தடவை ஆடினால் மூன்று தடவை சரியாக அடிக்கிறார். அதைத்தான் ஆயிரத்துக்கு முந்நூறு என்கிறார்கள். மீதி ஏழு தடவை அவுட்! அதற்கே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

நானூறு என்பது கனவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் நானூற்று நாற்பது வரை போனாராம். நமக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வருஷம் முன்னால் ஒருவர் நானூற்று ஆறு. அதற்கப்புறம் எந்த சீசன் முடிவிலும் யாரும் நானூறைத் தொடவில்லை. இந்த எண்பதாம் வருஷம் ஒருத்தர் செப்டம்பர் வரை நானூறைச் சுற்றிச் சுற்றி வந்தார்... கடைசியில் முந்நூற்றுத் தொண்ணூறு. சொந்தக்காரன் தோற்றது போல எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதை நினைத்துப் படுத்திருந்தபோதுதான் கதவைத் தட்டினார்கள். வாலிகண்டபுரத்திலிருந்து அக்கா ஆள் அனுப்பியிருந்தாள்.

“ஒடனே வரச் சொன்னாங்க சார். பாப்பா கல்யாணம் நின்னு போயிரும் போலருக்கு.”

பாப்பா என்பது அக்கா மகள் தமிழ்ச்செல்வி. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் பையன் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான். இரண்டு பேருக்கும் பிடித்துப் போனது. வழக்கமாக ஜாதகம் முதலில், பஜ்ஜி பிறகு. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், தரகர் பேச்சில் மயங்கி பஜ்ஜியை முந்தவிட்டுவிட்டார். இப்போது ஜாதகம் வந்து மறிக்கிறது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நனைந்த பருத்திக் காடுகூட மைதானமாகத் தெரிந்தது. அங்கே போய் என்ன பேசுவது? இறங்கும் வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மச்சான் உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

“நாலே நாலு பொருத்தம் மாப்ள. பத்துக்கு நாலு! முக்கியமான ரஜ்ஜு பொருந்துதே, பாக்கலாம்னு ஜோசியர் இழுக்குறாரு. அஞ்சாவது இருக்க வேணாமா? சாயங்காலம் தரகர் வருவாரு. வேணாம்னு சொல்லி அனுப்பிடப் போறேன்.”

அடுப்படி வாசலில் தமிழ்ச்செல்வி. அழுது அழுது கண் சிவந்திருந்தது. “எனக்கு அவரைப் புடிச்சிருக்கு மாமா” என்றாள், அப்பாவுக்குக் கேட்காத குரலில்.  ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்ததோ...

“பத்துக்கு நாலுன்னா சும்மாவா மச்சான்? நாப்பது வருஷமாப் போவுது, அமெரிக்காவுல அதுக்குத்தான் தவங்கெடக்குறாங்க.”

“அங்கயும் ஜாதகம் பாக்குறானுவளா?”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “இவனைப் போயி கூப்புட்டேன் பாரு!”

வேறு வழி? பேஸ்பாலை விளக்கினேன். அக்கா வீட்டு அகப்பைதான் மட்டை. பத்துக்கு மூன்று அடித்தவன் ராஜா, நாலு அடித்தவன் சரித்திரம் என்றேன். எல்லாக் காலத்துக்கும் பெரியவர் என்று அவர்கள் சொல்லும் ஆளுடைய மொத்தச் சராசரியே முந்நூற்று அறுபது சொச்சம்தான் என்றேன். மச்சான் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே போடாகப் போட்டார்.

“சரி மாப்ள. மீதி ஆறு?”

நான் மாட்டிக்கொண்டேன். “அது... அவுட்டுதான் மச்சான்.”

“பாத்தியா! என் பொண்ணு அந்த ஆறோடதான குடும்பம் நடத்தணும்?”

 அகப்பையை வைத்துக்கொண்டு அசடாக நின்றேன். அப்போது தமிழ்ச்செல்வி கூடத்துக்கே வந்துவிட்டாள்.

“அவுட்டானவரு என்ன பண்ணுவாரு மாமா?”

“போய் உக்காருவாரும்மா. முறை வந்தா மறுபடி மட்டையைத் தூக்கிட்டு வருவாரு.”

“கிரிக்கெட்டுல அவுட்டானா அவ்வளவுதான?”

“ஆமா, அதுல போனவன் போனவன்தான். இதுல ஆட்டம் முடியிற வரைக்கும் முறை வந்துகிட்டே இருக்கும்.”

அவள் அப்பாவைப் பார்த்தாள்.  

“அந்த ஆறுக்கும் நான் கோவப்படுவேன், சண்டை போடுவேன்ப்பா. அவரும் போடுவாரு. மறுநாளு ரெண்டு பேரும் திரும்ப வருவோம். எனக்கு அது போதும்.”

மச்சான் எழுந்து போய் வாசல் தூறலைப் பார்த்தபடி நின்றார்.  எனக்கு ஏனோ அந்த விளக்கு வெளிச்சம், அந்தப் பச்சைப் புல்... மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் நடந்து வருவது போலத் தெரிந்தது.

பிறகு மச்சான் அக்காவிடம் திரும்பினார். “தரகருக்கும் சேத்து உலை வையி. தை மாசம் வச்சுக்கலாம்னு சொல்லிடுறேன்.”

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். என் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கிக்கொண்டுதான் போனாள்.

பத்துக்குப் பத்தும் பொருந்திய தம்பதிகள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். ஒரே நிபந்தனை — இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்!