நான்காவது தேடுசொல்

வருடக்கணக்காக இழுத்தடித்த ஆய்வேட்டை ஒருவழியாக வாய்மொழித் தேர்வில் கரையேற்றிவிட்டேன். இனி கையை வீசிக்கொண்டு நடக்கலாம் என்று நினைத்தேன். பல்கலைக்கழகம் விடுமா? ஆய்வேட்டின் பிடிஎஃப்பை நூலகத்தின் மின்களஞ்சியத்தில் நானே ஏற்ற வேண்டும். அவர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பட்டம். பத்து நிமிட வேலைதான். ஆனால் எங்கள் வீட்டில் எந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கிறது?

அன்று வியாழக்கிழமை. மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய தமிழ் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து என் லேப்டாப்பின் முன்னால் நின்றார்.

"ஒன்றரைலேருந்து மூணு வரைக்கும் ராகு காலம். எல்லாத்தையும் ரொப்பி வச்சுக்கோ. பட்டனை மட்டும் மூணுக்கு மேல அழுத்து."

"சர்வர் எந்த ஊர்ல இருக்கோப்பா, அங்க இப்ப என்ன நேரமோ?"

"நீ டெல்லிலதானே இருக்க?" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஆபீசில் கோப்புகளை மூடியே பழகியவர், மேல்முறையீடு கிடையாது.

அம்மா ஒரு தட்டு நிறையப் பச்சைப் பட்டாணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள்.

"இதை யார் யாரு பாப்பாங்க?"

"உலகத்துல யாரு வேணும்னாலும் பாக்கலாம்மா," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "உங்க அத்தைகூடவா?"

வேலைக்காக டெல்லி வந்த தமிழ்க் குடும்பங்களின் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. நேர்காணலுக்கு ஆள் தேடி அலைந்த நாட்களில் அம்மாவையும் உட்கார்த்திவைத்துப் பேசச் சொன்னேன். அவளும் மடை திறந்தாற்போல் பேசிவிட்டாள். நாங்கள் மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவின் அக்கா, "என் தம்பிக்குச் சூடா சோறு போட ஆள் வேணாமா?" என்று ஒரு வார்த்தை சொன்னார். அம்மா போகவில்லை. இதைச் சொன்ன அத்தை தினமும் காலையில் டிபன் டப்பாவோடு ஆபீஸ் பஸ் பிடித்துக்கொண்டிருந்தவர் என்பதையும் அம்மா மறக்காமல் பதிவு செய்திருந்தாள். அத்தை இப்போது மதுரையில் இருக்கிறார். போனில் எது வந்தாலும் கடைசி வரி வரை படிப்பார்.

உடனே எல்லோருக்கும் திறந்துவிடலாமா, மூன்று வருடம் பூட்டிவைக்கலாமா என்று இணையதளம் கேட்டது. நான் கேட்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள்.

"பூட்டிடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண் எரிய எரிய எழுதியதை ஒரு அத்தைக்குப் பயந்து பூட்டிவைப்பதா? "உன் பேரே அதுல இல்லம்மா. பேரு போடக் கூடாதுங்கிறது ரூல். அது நீன்னு யாருக்குமே தெரியாது," என்றேன்.

"படி பாப்போம்."

மூன்று மணி வரை வேறு வேலையும் இல்லை. ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே படித்தேன். 'விடையளித்தவர், இல்லத்தரசி, பணிக்குச் செல்லும் வாய்ப்பைக் குடும்பக் காரணங்களால் தவிர்த்தார்.' கேட்கக் கேட்க அம்மாவின் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

"இது யாரு?"

"நீதாம்மா."

"நான் எங்க இருக்கேன் இதுல?"

"நீதானே பூட்டச் சொன்ன?"

"அவங்க படிக்க வேணாம்னுதான் சொன்னேன். நான் இல்லாமப் போகணும்னு சொல்லலையே."

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆய்வேட்டில் இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பேச்சை மாற்றுவதற்காகத் திரையில் அடுத்த கட்டத்துக்குப் போனேன். தேடுசொற்கள் நான்கு கேட்டிருந்தார்கள். மூன்றைப் போட்டிருந்தேன், நான்காவது அகப்படாமல் இருந்தது.

"இது எதுக்கு?" என்றாள் அம்மா.

"இந்த வார்த்தையை யாராவது போட்டாங்கன்னா என் ஆய்வு வந்து நிக்கும்."

அம்மா பட்டாணித் தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப என் பேரைப் போடு."

"அத்தை?"

"அவங்க ஒரு நாளாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்களா? தம்பி பொண்டாட்டிதான். பேரு ஞாபகம் இருந்தா எடுத்துப் படிக்கட்டும். நீ தொற."

ஆய்வேட்டுக்குள்தானே பேர் இருக்கக் கூடாது என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அவள் பேரைத் தட்டினேன், பூட்டாமல் திறந்தும் விட்டேன். மூன்று மணி தாண்டியதும் பட்டனையும் அழுத்தினேன்.

சில நாள் கழித்து நூலகத்திலிருந்து ஒருவர் இந்தியில் கூப்பிட்டார். "மேடம், நாலாவது கீவேர்டு எந்தப் பட்டியல்லயும் இல்லையே. அது என்ன?"

"அது ஒரு தென்னிந்தியக் கருத்தாக்கம் பாய்சாப்," என்றேன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. "அச்சா, அச்சா," என்று மரியாதையாகச் சொல்லி ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அம்மாவை அழைத்து, களஞ்சியத்தில் அவள் பேரைத் தட்டிக் காட்டினேன். ஒரே ஒரு ஆய்வேடு வந்து நின்றது. அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"வேற எதுவும் வரலையா?"

"இல்லம்மா. உன் பேருக்கு இது ஒண்ணுதான்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க அத்தை போனுக்கு இதை அனுப்பு. எந்தப் பக்கம்னும் எழுதிடு. பாவம், அவங்க தேடிட்டு இருக்க வேணாம்."