காந்தள் அரசி ஊர் திரும்பிய நாள்

ஏரிக்கரையை ஒட்டிய லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள் வெண்ணிலா. சொந்த ஊர் கரடியூர். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் அந்த பஸ்ஸில் அவள் ஏறி ஆறு வருடமாகிறது. வெளியாளான சேலத்து வேன் டிரைவர் சுப்பிரமணியைக் கட்டிக்கொண்டதற்காக ஊர் கூடி அவளைத் தள்ளிவைத்தது. அந்தக் கூட்டத்தில் அவள் அப்பா சின்னனும் தலையாட்டினார். மூன்றாம் வருடம் சுப்பிரமணி திருப்பூருக்கு வேலை தேடிப் போனான். போனவன் போனவன்தான்.

ஆடி மழையில் லாட்ஜ் காலியாகக் கிடக்கும். அந்த மத்தியானங்களில் சமையல்காரர் செபாஸ்டின், பெங்களூரில் கற்றுவந்த ஒரு விளையாட்டை எடுத்துவைப்பார். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாகப் புகுந்து, இருபது முகப் பகடையை உருட்டிப் பிழைத்துக்கொள்ள வேண்டும். வெண்ணிலா கதை சொல்ல ஆரம்பித்த பிறகு வேறு யாரையும் சொல்லவிடவில்லை.

அவள் உண்டாக்கிய வில்லி காந்தள், காட்டு யட்சர்களின் அரசி. மனிதன் ஒருவனுக்குக் காட்டின் வாசலைத் திறந்துவிட்டாள் என்று அவளுடைய குடிகளே அவளை விரட்டிவிட்டார்கள். வெளியே வந்தவள், ஒதுங்க இடம் கொடுத்தவர்களின் பெயரையெல்லாம் பறித்துக்கொண்டாள். பெயரை இழந்தவர்களைப் பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாது. வரவேற்பில் இருக்கும் நந்தினி அதைக் கேட்டு நடுங்குவாள்; ஆனாலும் ஒரு நாள் ஆட்டத்தைத் தவறவிடமாட்டாள்.

ஆவணி பிறந்ததும் சின்னன் இறந்துபோனார். சேதி கேட்டு வெண்ணிலா பஸ் ஏறினாள். ஊர் முனையில் சித்தப்பா வழிமறித்தார். குரலில் கோபமே இல்லை.

"ரோட்டுலயே நின்னு பாத்துக்க கண்ணு. நீ ஊட்டுக்கு வந்தா பாடை தூக்க ஆளு வராதுன்னு சொல்லிப்போட்டாங்க."

அவளோடு காப்பிப் பழம் பறித்த பெண்கள் வேலியோரம் நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பாடை அவளைக் கடந்தபோது மாலைகளுக்கு நடுவே அப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

மறுவாரம் ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. காந்தளைக் கொல்வதுதான் திட்டம். ஆனால் நந்தினி, கதைக்குள் தான் ஏற்றிருந்த மருத்துவச்சியின் வாயால் வேறு மாதிரி பேசினாள்.

"நாங்க சண்டைக்கு வரலைங்க. அந்த வாசலைத் தொறந்து உங்களை ஊட்டுக்கே கூட்டிட்டுப் போறோம்."

பகடையை உருட்டினாள். இருபது விழுந்தது. வாசல் திறந்துகொண்டது. செபாஸ்டின் கை தட்டினார்.

வெண்ணிலா மெதுவாகச் சொன்னாள். குடிகள் இருபுறமும் நிற்க, காந்தள் உள்ளே நடந்தாள். வாசலைத் தனக்குப் பின்னால் சாத்தினாள். பிறகு காட்டுக்குத் தீ வைத்தாள். ஒருவரும் தப்பவில்லை.

"பாதிப் பேரு அவளை ஒண்ணுமே பண்ணலையேம்மா," என்றார் செபாஸ்டின். "கொழந்தைங்க வேற இருந்திருக்குமே."

"சும்மா நின்னாங்கல்லண்ணா."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது.

"அக்கா," என்றாள் நந்தினி. "நீங்களா இருந்தா அப்படிச் செய்வீங்களா?"

இல்லை என்று சொல்ல வெண்ணிலாவுக்கு ஆசைதான். எழுந்துபோய், சரியாகக் காயாத போர்வைகளை எடுத்து மடித்தாள்.

மறுநாள் மத்தியானம், எப்போதும் வெண்ணிலாவோடு சாப்பிடும் நந்தினி தன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசைக்கே போய்விட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். செபாஸ்டின் பகடையை வெளியே எடுக்கவே இல்லை.