பதினைந்து கொழுந்துக்காரிகளும் மூன்று புலியும்

எங்களுக்குக் கம்பெனி என்று பெயர் வைத்தது மருந்துக்கார அண்ணன்தான். தோட்டத்து மருந்துக் காம்பராவில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் அவர். என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரிப் பட்டறையில் இரும்பு வேலை. நான் மலையில் கொழுந்து பறிக்கிறவள். மூன்று பேர் சேர்ந்துவிட்டால் அது கம்பெனியா என்று கேட்டேன். "ரெண்டு பேரு சேந்தா சண்டை, மூணு பேரு சேந்தா கம்பெனி தங்கச்சி" என்றார். அதன் பிறகு மூன்று பேராகவே சண்டை போட்டோம்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கி ஒரு மைல் ஏறினால் எங்கள் வரிசை வீடுகள், லயம். அதன் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி நடக்கும். நாங்கள் செய்தது ஈயப் பொம்மைகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம். அலங்காரத்துக்கு இல்லை, மேசையிலோ பாயிலோ கட்டம் போட்டு விளையாடுகிற காய்கள். கல்லையும் புளியங்கொட்டையையும் வைத்து ஆடுகிறவர்களுக்கு நிஜமான ஆட்டையும் புலியையும் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதுதான் எங்கள் மூளையில் உதித்த ஒரே யோசனை. அதை வைத்தே ஐந்தாறு வருஷம் சந்தோஷமாக ஓட்டினோம்.

ஈயம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளின் உள்பக்கம் ஈயத்தகடு போடுவார்கள். பிறகு அலுமினியத் தாள் வந்துவிட்டது. கிழிந்த பழைய தகடுகள் ஃபேக்டரியின் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தன. எடுத்துக்கொண்டு போய்த் தொலையுங்கள் என்று ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவே சொன்னார். என் வீட்டுக்காரர் கொய்யாக் கட்டையில் உருவத்தைச் செதுக்குவார். எலும்பு முறிந்தவர்களுக்குப் போடுகிற வெள்ளை மாவை அண்ணன் கண்டியிலிருந்து சொந்தக் காசில் வாங்கி வந்து அச்சு எடுப்பார். லயத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டி ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஆறியதும் அரம் போட்டுத் தேய்த்து என்னிடம் தருவார்கள். சாயம் பூசுவது என் வேலை. அதாவது, செய்வது அவர்கள், சேலை கட்டிவிடுவது நான்.

முதலில் இறக்கியது ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. எங்களுக்குக் கிடைத்ததோ மெஷினுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட் ஒன்றுதான். பதினைந்து ஆடும் பச்சையாக நின்றன. ஹட்டனில் வளையல் கடை வைத்திருந்த முதலாளி பார்த்துவிட்டு, "இது என்னம்மா, தின்ன புல்லு வெளியில தெரியுதா?" என்று கேட்டார். இருந்தாலும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். பச்சை ஆடு எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அடுத்த தடவை நான் பாடுபட்டு வெள்ளைப் பெயின்ட் தேடிப் பிடித்துப் பூசிக் கொடுத்தேன். பச்சைதான் வேண்டும் என்றார்கள். உலகத்தை யார் திருத்துவது?

மழைக்காலம் வந்தால் கம்பெனிக்குச் சனி. அச்சு காயாமல் ஈயம் ஊற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து அச்சே வெடிக்கும். ஒரு தடவை தெறித்த ஈயம் அண்ணனின் புதுச் சட்டையில் ஏழெட்டு ஓட்டை போட்டது. ஊருக்கெல்லாம் மருந்து போடுகிறவர் தனக்குப் போட்டுக்கொள்ளும்போது போட்ட சத்தம் அடுத்த லயம்வரை கேட்டது. எங்கள் பக்கம் ஜூன் மாதத்தில் துணியே காயாது, அச்சா காயும்? கடைசியில் என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இலை காயவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அச்சுகளைக் கொண்டுபோய் அடுக்கினார். இரண்டு நாளில் எலும்புபோலக் காய்ந்தன. மூன்றாம் நாள் டீமேக்கர் ஐயா தேயிலைத் தூளை முகர்ந்து பார்த்து, "ஆஸ்பத்திரி வாடை அடிக்குதே" என்றார். அச்சுகள் அன்றைக்கே வீடு திரும்பின.

இரண்டாவது இறக்கியது சதுரங்கம். அது என் வீட்டுக்காரரின் ஆசை. ராஜா, மந்திரி, யானை எல்லாம் கம்பீரமாக வந்தன. குதிரைதான் காலை வாரியது. தேயிலைப் பெட்டி ஈயம் மிருதுவானது. ஒல்லிக் கால்மேல் உடம்பு கனத்ததும் குதிரை மெல்ல மடங்கி உட்காரும். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. நோட்டீஸ் அடிக்கிற பிரஸ்ஸில் தேய்ந்துபோன ஈய எழுத்துகளை வாங்கிவந்து கலந்த பிறகுதான் கால் கெட்டிப்பட்டது. அதற்குள் தீபாவளி போய்விட்டது. சதுரங்கம் ஆடத் தெரிந்தவர்களும் எங்கள் பக்கம் அதிகம் இல்லை. ராஜாக்கள் எங்கள் வீட்டுக் காம்பராவில் தகரப் பெட்டிக்குள் நாடாண்டார்கள்.

அதற்குள் தகடும் தீர்ந்துகொண்டு வந்தது. இன்னும் ஒன்றே ஒன்று இறக்கலாம், அவ்வளவுதான் மிச்சம். அதுவும் விற்கவில்லை என்றால் இனிமேல் வராதீர்கள் என்று வளையல் கடை முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் நிஜம் என்று அர்த்தம்.

யானைப் படை செய்யலாம் என்றார் வீட்டுக்காரர். பட்டாளத்துக்காரன் செய்யலாம் என்றார் அண்ணன். நான் கொழுந்துக்காரி செய்யலாம் என்றேன். புலிக்குப் பழைய அச்சு இருக்கிறது. ஆட்டுக்குப் பதிலாகப் பதினைந்து பெண்கள், முதுகில் கூடையோடு. அவர்கள் சேர்ந்து நின்று மூன்று புலியையும் மடக்க வேண்டும்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "காலையில பேரு குடுக்குற பெரட்டுலயிருந்து சாயங்காலம் வரைக்கும் பாக்குற ஆள, ஊட்டுலயும் எவ காசு குடுத்து வாங்கி வப்பா புள்ள?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதனால்தான் அதிகமாக வலித்தது. யானையை வாங்கி வைப்பார்கள், பார்த்தே இராத ராஜாவை வைப்பார்கள், எங்களை வைக்க மாட்டார்களா? ஒரு வாரம் அவரோடு அளந்து பேசினேன். "கம்பெனில எனக்கும் ஒரு பங்கு இருக்கா, இல்ல நான் சும்மா சாயக்காரியா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். இரண்டுக்கு ஒன்று.

செதுக்கினார். நன்றாகவே செதுக்கினார், தலையில் மழைக்குப் போர்த்துகிற கொங்காணி, இடுப்பில் சுற்றிக்கட்டிய படங்குச் சாக்கு, முதுகில் கூடை, எல்லாம் இருந்தது. வார்த்து நிறுத்தினால் மல்லாக்க விழுந்தாள். அடுத்தவளும் விழுந்தாள். கூடையின் கனம் பின்னுக்கு இழுத்தது. காலடித் தட்டைப் பெரிதாக்கினார், சோற்றுத் தட்டில் ஏறி நிற்கிறவள்போல ஆனாள். கூடையைக் குடைந்து ஓட்டையாக்கினார், அச்சு உடைந்தது. ஈயம் சரியில்லை என்றார், மாவு சரியில்லை என்றார், கடைசியில் எங்கள் இஸ்தோப்புத் தரை சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

"அப்பன்னா நீயே சொல்லு, எப்பிடி நிக்கணும்னு."

அப்போதுதான் பொம்மையைச் சரியாகப் பார்த்தேன். அவள் பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்து நின்றாள். உள்ளே போய் என் கூடையை எடுத்துவந்து, விறகைப் போட்டு நிரப்பி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றேன். "கூடை நெறஞ்சா யாருங்க நேரா நிப்பா? இந்தா பாருங்க, கழுத்து முன்னுக்கு வரும். இடுப்பு கொஞ்சம் மடங்கும். ஒரு கால் மேல்பக்கம். நாங்க மலையில நிக்கிறோம், நீங்க மைதானத்துல நிப்பாட்டுறீங்க."

அண்ணன் என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். வீட்டுக்காரர் புதுக் கொய்யாக் கட்டையை எடுத்தார்.

அந்த அச்சில் வார்த்த முதல் பெண் நின்றாள். விழுவாள் விழுவாள் என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவள் பாட்டுக்கு நின்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பதினைந்து பேரும் தயாரானதும் ஒரு புலியோடு பலகையில் வரிசையாக நிறுத்தி, அண்ணன் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பதினைந்து பேரும் நின்றார்கள். புலி விழுந்தது.

சாயத்தில் என் கைவரிசையைக் காட்டினேன். ஈர்க்கை நறுக்கிக் கண் எழுதினேன். நகப் பாலிஷில் சிவப்புச் சேலை. ஒரு புலிக்கு மட்டும் எங்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணியின் மீசை. ஒரு நாள் அவரே எங்கள் பக்கம் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இந்தப் புலிய எங்கயோ பாத்திருக்கேனே" என்றார். காட்டுலதாங்க என்றேன். அவர் போகும்வரை அண்ணன் இருமிக்கொண்டே இருந்தார்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. வளையல் கடையில் முதலாளி நாங்கள் கொண்டுபோன பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து, கண்ணாடிப் பெட்டிமேல் ஆட்டத்தைப் பரப்பி வைத்தார். நானும் வீட்டுக்காரரும் ஓரமாக நின்றோம். ஆம்பிளைகள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். "அட, நம்ம பொம்பளைங்க" என்று ஒருவர் சொன்னார்; வாங்கவில்லை. பதினோரு மணி ஆனது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னேனே என்று அவர் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண், வளையல் போட்ட கையோடு திரும்பியவள், ஒரு கொழுந்துக்காரியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். என் வயதுதான் இருக்கும். நெற்றிக்கு மேலே கூடைக் கயிறு அழுத்திய தடம். விரலால் பொம்மையின் கழுத்தைத் தடவினாள்.

"இத செஞ்சது பொம்பளதான்" என்றாள்.

வீட்டுக்காரர் என்னைக் கைகாட்டினார்.

அவள் தன்னோடு வந்த பெண்களைக் கூப்பிட்டாள். கடை நிறைந்தது. ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, இவ நீதான், இவ உன் நாத்தனா, இவ பக்கத்து லயத்துக்காரி என்று ஒரே கூச்சல். கொண்டுபோன எல்லாப் பெட்டியும் விற்றுப்போனது. முதலாளி இந்தத் தடவை சிரிக்காமல், இன்னும் எப்போது வரும் என்று கேட்டார். முதலில் வந்த பெண் தன் பெட்டியைக் கட்டி வாங்கிக்கொண்டு, போகும்போது என்னிடம் திரும்பினாள்.

"எல்லாம் நிக்கிறாளுகளே. உக்காந்திருக்கிற மாதிரி ஒன்னு இல்லையாக்கா?"

இல்லை என்றேன். பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரர், தகரப் பெட்டியில் இருக்கும் ராஜாக்களை உருக்கினால் ஈயம் போதும் என்றார். பிறகு, "ஆனா எப்பிடிச் செதுக்குறது புள்ள? நீ உக்காந்து நான் பாத்ததே இல்லையே" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்தேன். தேத்தண்ணி அவரே போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். சீனி அள்ளிக் கொட்டியிருந்தது. அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கட்டையை எடுத்தார். நான் அசையவே இல்லை.