குடை பிடித்த பேராசிரியர்

யுத்தத்துக்கு முன்பு பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். தலைமையாசிரியர் பதவி காலியானதும் பிரெஞ்சு வாத்தியாரும் தமிழ் வாத்தியாரும் அதற்காகத் தெருநாய்களைப் போல அடித்துக்கொண்டார்கள். மேற்பார்வைக்குப் பிரெஞ்சுத் துரை வந்தால் இருவரும் முண்டியடித்துக் குடை பிடிப்பார்கள். பாடம் நடத்தத்தான் இருவருக்கும் நேரமில்லை.

அருவருப்புத் தாங்காமல் ஒரு நகைச்சுவை நாவல் எழுதி அச்சிட்டேன். சென்னைக் கல்லூரி ஒன்றில் பதவிக்காகக் குடை பிடித்து அலையும் பேராசிரியரின் கதை. படித்தால் இருவருக்கும் வெட்கம் வரும் என்று நம்பினேன்.

பிரெஞ்சு வாத்தியார் என் வீட்டுக்கே வந்தார். "முசியே, அந்தத் தமிழ் வாத்திய அப்படியே உரிச்சி வச்சிட்டீங்க!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மறுநாள் தமிழ் வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா எழுத்துப்பா! பிரெஞ்சு வாத்தி மானத்த வாங்கிட்ட."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பேராசிரியர் நீங்கதான் ஐயா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "என்னையா பேராசிரியரா போட்டிருக்க? அப்போ அந்த வேலைக்கு நான்தான் லாயக்குன்னு நீயே ஒத்துக்கிற!"

நாவலைத் துரையிடம் கொண்டுபோய், தன்னைப் பாராட்டி எழுதிய புத்தகம் என்று காட்டினார். துரைக்குத் தமிழ் தெரியாது. வேலை அவருக்கே கிடைத்தது.

பாராட்டுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லி ஆளனுப்பினார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன்.