யேரி திரும்பிப் பார்க்கவில்லை

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஓர் ஒலிப்பதிவைக் கேட்டது. இயர்போனின் ஒரு முனை அப்பா தோயாவின் காதில், மறுமுனை மகள் ஜும்வாவின் காதில். ஆய்வு ஒன்றுக்காக, ஒன்றரை வயது யேரியின் சட்டைப் பையில் வைத்துத் தைத்திருந்த சின்னக் கருவி, அவன் வீட்டு முற்றத்துச் சத்தங்களைப் பகல் முழுவதும் பிடித்து வைத்திருந்தது. கோழி, காற்று, சோளம் இடிக்கும் உலக்கை. நடுவே யேரி தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தான். திடீரென்று தகரத் தட்டு ஒன்று விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. யேரியின் முனகல் நிற்கவில்லை.

ஜும்வா கென்யாவின் மொம்பாசா நகரில் ஒரு வானொலி நிலையத்தின் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்பவள். அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள்.

"அப்பா, தட்டு அவன் பக்கத்துலதான் விழுந்திருக்கு. அவன் குரல் கொஞ்சம்கூட மாறல."

தோயா இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஓர் ஆய்வுக் குழுவுக்காக கிலிஃபி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய், குழந்தைகள் கிரியாமா மொழியில் என்னென்ன பேசத் தொடங்கியிருக்கின்றன என்று தாய்மாரிடம் கேட்டுவருவது அவர் வேலை. ஆடு சொல்றானா? தண்ணி கேக்கறாளா? ஆடு என்றால் 'மே' என்று கத்தியும் காட்டுவார். பெண்கள் அவரைக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"ஜும்வாப்பா, உங்க வயசு ஆம்பளைங்கல்லாம் கள்ளு குடிச்சிட்டு நிழல்ல கிடக்காங்க. நீங்க பச்சப்புள்ளைங்க வாயப் பாத்துட்டு அலையிறீங்க."

"அங்க கள்ளு தீந்துபோச்சும்மா. அதான் இங்க வந்தேன்."

சில மாதங்களுக்கு முன் யேரியின் அம்மா டாமாவிடம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறானா என்று கேட்டபோது, இல்லை என்றாள். தோயா சிரித்துவிட்டார். மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வாளா? தாத்தாவும் அவனைக் 'கூட்டாளி' என்றுதான் கூப்பிடுவார். தன் பெயரையே கேட்டிராத பிள்ளை அதற்கு எப்படித் திரும்பும்? காதைச் சோதிக்கலாமா என்று குழுவின் மருத்துவர் கேட்டதற்கும் இதையே விளக்கினார். குழுவில் பாதிப்பேர் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் வீட்டிலும் இதுதான் வழக்கம், தலையாட்டினார்கள். காதைச் சோதிக்காமலே மாதங்கள் போயின.

ஒலிப்பதிவைக் கேட்ட மறுநாள் காலை தோயா அந்த வீட்டுக்குப் போனார். யேரியின் பின்னால் நின்று கை தட்டினார். டாமா கூப்பிடுவதைப் போலவே "என் அப்பனே" என்று கூப்பிட்டார். யேரி கோழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த வீட்டு ஆம்பளைங்க எல்லாருமே தாமசமாத்தான் பேசுவாங்க," என்றாள் டாமா. "என் வீட்டுக்காரருக்கே கல்யாணத்துக்கு அப்புறம்தான் வாய் வந்துச்சு."

தோயா சிரிக்கவில்லை.

"நான் தப்பா சொல்லிட்டேன்மா. காதை ஒரு தடவை பாத்துருவோம். இப்பவே பாத்தா வழி இருக்கு. தள்ளிப்போட்டா பேச்சு கஷ்டம்."

மாமனாரிடம் அனுமதி கேட்டதும் அவரே. பெரியவர் யேரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் பேரைத் தாங்குறவன். உன் கையிலதான் குடுப்பேன். நீயே கூட்டிட்டுப் போ, நீயே கொண்டுவந்து விடு."

செவ்வாய்க்கிழமை முதல் வண்டிக்கு ஆஸ்பத்திரி போவதாக முடிவாயிற்று.

ஞாயிறு மாலை, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த தோயா அப்படியே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஜும்வா ஊர் வந்து சேர்ந்தபோது பம்பை யாரோ சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் வேலை செய்தது.

துக்கம் கேட்க டாமாவும் வந்தாள், முதுகில் யேரியைக் கட்டிக்கொண்டு. ஜும்வாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கிழமை இவனைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்து ரோட்டுல நின்னேன் அக்கா. எத்தனையோ வண்டி போச்சு. விஷயம் தெரியாது. ஜும்வாப்பா மறந்துட்டாருன்னு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்."

"நான் கூட்டிட்டுப் போறேன் டாமா."

"மாமா விடுவாரான்னு தெரியலயே அக்கா. ஜும்வாப்பா கையிலதான குடுக்கறேன்னாரு. உங்களை அவருக்குத் தெரியாது."

முற்றத்தில் பெண்கள் பாட்டெடுத்தார்கள். அம்மாவின் முதுகில் யேரி, பாட்டுக்கு அசையும் அவர்கள் கைகளைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதை இன்னும் யாரும் சோதிக்கவில்லை.